முதல் நாள் தெரியாத துக்கம்

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் போனால் கன்னியா. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. கிணறு என்ற பேர்தான் பெரிது. மூன்று நாலு அடி ஆழமுள்ள சதுரத் தொட்டிகள் அவை. ஒன்றில் சூடு கூடும், அடுத்ததில் சற்றுக் குறையும். தெற்கிலிருந்து பேருந்தில் வரும் பாடசாலைப் பிள்ளைகள் நுழைவுச்சீட்டு வாங்கி, வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, சூடு பட்டதும் கத்திச் சிரிப்பார்கள். திருமலைச் சைவர்களுக்கு அந்தத் தண்ணீரோடு வேறு உறவு. யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை எப்படியோ, இவர்களுக்குக் கன்னியா அப்படி. செத்தவீடு நடந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருவது இங்கேதான். ஆடி அமாவாசையில் தகப்பனை நினைத்து முழுகக் கோணேசர் கடல். அந்தியேட்டிக்குக் கன்னியாவின் சுடுநீர்.

இந்த ஊற்றுகளுக்கு ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது. தாய் வழிபடுவதற்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தான் இராவணன். வாளால் அவன் பிளந்ததாகச் சொல்லும் ‘இராவணன் வெட்டு’ கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் இன்றும் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மலை பெயரவில்லை, அதற்குள் தாய் போய்விட்டாள். அவளுக்குக் கடன் கழிக்க இடம் தேடியபோது நிலத்தில் ஏழு இடங்களில் வெந்நீர் பீறிட்டது. ஊற்றைத் திறந்தது திருமால் என்பார் சிலர், இராவணனின் ஆயுதம் என்பார் வேறு சிலர். எந்த விதத்தில் சொன்னாலும் இந்த ஊரின் நிலம் ஒரே மனிதனின் இரண்டு அடையாளங்களைத் தாங்கி நிற்கிறது. வெட்டு அவன் செருக்கின் அடையாளம், ஊற்று அவன் துக்கத்தின் அடையாளம். செருக்கால் பிளந்த பாறையைப் பார்க்கத்தான் போகிறோம். துக்கத்தால் ஊறிய தண்ணீரில் தலை முழுகுகிறோம்.

துக்கத்தை ஒரு நோயாகப் பார்க்கும் பழக்கம் நமக்குள்ளும் இப்போது வந்துவிட்டது. அழுகிறவரிடம் ‘மறந்துபோட்டு ஆகவேண்டியதைப் பார்’ என்கிறோம். அரசாங்கங்களும் அதே புத்தியைத்தான் சொல்கின்றன. துறைமுகம் வளர வேண்டும், உல்லாசப் பயணிகள் வர வேண்டும், பழையதைக் கிளறக் கூடாது. தமிழின் பழைய இலக்கண அறிவு இப்படி நினைக்கவில்லை. நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மன ஒழுக்கத்தை உரிமையாக்கிய மரபு, கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு இரங்கலைக் கொடுத்தது. அதற்குரிய பொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். கடற்கரையில் வாழ்கிறவர்களுக்குக் காத்திருப்பும் கலக்கமும் தொழிலோடு வந்தவை என்று அந்த மரபுக்குத் தெரிந்திருக்கிறது. போன வள்ளம் திரும்பும் வரை கரை நிம்மதியாக இருந்ததில்லை.

‘இரங்கு’ என்ற சொல்லும் யோசிக்கத் தக்கது. துக்கப்படுவதும் இரங்குதல், பிறர்மேல் மனம் இளகுவதும் இரங்குதல். பழைய வழக்கில் முரசின் முழக்கத்துக்கும் கடலின் இரைச்சலுக்கும்கூட அதே சொல்தான். ஓசையும் துயரும் அருளும் ஒரே வேரில் கிடக்கின்றன. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணி அழுகையை இரண்டாவதாக வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் சொல்கிறது. பிறரால் இழிவுபடுவது, உற்றாரையோ உடைமையையோ இழப்பது, இருந்த நிலை கெட்டுத் தளர்வது, வறுமை. கொட்டியாரக் குடாவைச் சுற்றியிருக்கும் ஊர்களில் எந்தப் படலையைத் திறந்து உள்ளே போனாலும் இந்த நான்கில் இரண்டாவது இருக்கும். இலக்கணம் இவற்றுக்கு மருந்து சொல்லவில்லை. மனித உடம்பில் இவை வெளிப்படும் என்று மட்டும் ஏற்றுக்கொண்டு, இடமும் பொழுதும் வகுத்துவிட்டுப் போய்விட்டது.

துயரத்துக்கு இடம் கொடுத்தால் அது என்ன செய்யும் என்பதற்கு இந்த நகரமே நீண்ட சாட்சி. ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய கோணேசர் கோயிலை 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்தான். இடித்த கற்களில் சில கடலுக்குள் தள்ளப்பட்டன, மற்றவை கோட்டை மதிலுக்குப் போயின. பின்னாளில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அந்தக் கோட்டையின் வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கோயிற்கல் ஒன்று இன்றும் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்தே போக வேண்டும். இடித்தவன் கட்டிய வாசல் வழியாகத்தான் இடிக்கப்பட்டதை நினைக்கப் போகிறோம்.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பாறையில் பழைய பெருங்கோயில் இல்லை. ஏக்கம் மட்டும் இருந்தது. அது சும்மா இருக்கவில்லை. தப்பிய திருவுருவங்களைச் சுமந்து வந்து வயல் நடுவே தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் கோயிலை எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், கோயில் இல்லாத பாறையின் விளிம்பில் நின்று பூசகர் ஒருவர் கடலை நோக்கிப் பூசை செய்து தேங்காய் உடைப்பதைப் பற்றி எழுதினார். கோபுரமில்லை, கருவறையில்லை, நின்ற இடம் மட்டும் தவறவில்லை. 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். 1963இல் மீளக் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. இடையில் ஏதாவது ஒரு தலைமுறை ‘போனது போகட்டும்’ என்று பாறைக்குப் போவதை விட்டிருந்தால், 1950இல் கிடைத்தவை அருங்காட்சியகப் பொருள்களாகியிருக்கும். சாமியாகவே அவை திரும்பி வந்ததற்குக் காரணம் முந்நூறு வருட ஏக்கம்.

ஏக்கத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இழந்ததை நினைத்திருப்பவன், இழப்பு தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று நம்பத் தொடங்குவது எளிது. இந்தத் துறைமுகமோ யார் யாருடைய பிரிவையோ சுமந்திருக்கிறது. 1659இல் புயலில் பாய்மரம் ஒடிந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸும் மறு வருடம் மூதூர்ப் பக்கத்தில் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். 1661இல் தந்தை சிறைவாழ்விலேயே இறந்தார், மகனே புதைத்தான். 1679இல் தப்பி அரிப்புக்குப் போகும் வரை அவன் மனம் ஊர் ஊர் என்றே கிடந்தது. 1681இல் வந்த அவனுடைய நூல் இந்த நாட்டின் 17ஆம் நூற்றாண்டு வாழ்க்கையை அறிய இன்றும் முதல் நூல்களில் ஒன்று. வீட்டை நினைத்து ஏங்கியவன்தான் பிறர் வீடுகளை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறான்.

சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டைப் பொறித்த ஒரு தூண், பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காதலனின் கப்பல் போவதைக் கண்டு பாறையிலிருந்து குதித்தாள் என்பது கதை. அவள் குதிக்கவில்லை, பின்னர் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்கிறார்கள் ஆவணம் பார்த்தவர்கள். ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெய்தல் நிலத்துக்கு ஒரு இரங்கல் கதை வேண்டியிருந்தது. வந்தேறிய அதிகாரியின் மகளுக்கும் அதில் இடம் கொடுத்துவிட்டது. நகரத்து ஆங்கிலேயர் மயானத்தில் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் கிடக்கிறார். கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாப் போரின்போது வாந்திபேதியில் இறந்தவர். நிலாவெளி வீதியில் பொதுநலவாயப் போர்க் கல்லறை இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு போட்ட காலத்து மாலுமிகளும் படைவீரர்களும் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். புல் வெட்டி, கல் துடைத்து, பெயர் மங்காமல் வைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ வந்து செத்தவர்களுக்கு இந்த மண்ணில் இவ்வளவு ஒழுங்கான இடம் கிடைத்ததில் குறையொன்றும் இல்லை. அந்தக் கல்லறையைக் கடந்து வீடு போகிறவர்களில் பலருக்கு அப்படியொரு கல் இல்லை என்பதுதான் குறை.

ஏக்கத்தை எழுத்தாக்கியவர்களும் இந்தக் கரையிலிருந்தே போனார்கள். மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’, சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவப் பையனின் கதை. ஈழத்துச் சிறுகதைகளைப் பேசும்போது அதைத் தவிர்க்க முடியாது. திருகோணமலையில் 1939இல் பிறந்த தருமு சிவராமு என்ற பிரமிள் 1970களில் தமிழகம் போய், புதுக்கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்றாகி, 1997இல் அங்கேயே மறைந்தார். கைக்கு எட்டாத ஒன்றுக்காக மனம் நீட்டும் கைதான் ஏக்கம். நீட்டிய கையை வெட்டிவிட்டால் வலி நிற்கலாம். தோணியும் வராது, கவிதையும் வராது.

துக்கம் மனிதரைச் செயலற்றவராக்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நம் வீட்டுச் சடங்குகளைக் கவனித்தால் போதும். செத்தவீட்டில் முதல் நாள் ஒப்பாரி. கட்டிப்பிடித்து அழ ஊர்ப் பெண்கள் கூடுவார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல் சோறு கொண்டுவரும். எட்டாம் நாள் எட்டுச் செலவு வரும். 31இல் அந்தியேட்டி, நினைவு மலர் அச்சடித்துக் கொடுப்பார்கள், போனவரின் குணமும் குலமும் அதில் வெண்பாவும் விருத்தமுமாக ஏறும். பிறகு வருடத் திவசம். அயலில் முஸ்லிம் வீட்டில் கத்தம் ஓதிச் சோறு கொடுப்பார்கள். சிங்கள வீட்டில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் தானம் கொடுப்பார்கள். மூன்று சமூகங்களும் துக்கத்தை நாள்காட்டியில் ஏற்றி வைத்திருக்கின்றன. ‘அழாதே’ என்று எந்தச் சடங்கும் சொல்வதில்லை. இன்று அழு, எட்டாம் நாள் கொஞ்சம் எழுந்திரு, 31ஆம் நாள் தலை முழுகு, வருடத்துக்கு ஒருநாள் திரும்பி வந்து அழு என்றுதான் சொல்கிறது. துக்கத்தில் மூழ்கிப்போகாமல் மனிதரைக் காப்பாற்றியது இந்தக் கணக்கு.

அப்படியானால் கணக்கை யாராவது குழப்பினால் என்ன ஆகும்? கடந்த சில ஆண்டுகள் அதையும் காட்டிவிட்டன. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 பெப்ரவரி வரை, தொற்றில் இறந்த எல்லா உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று இலங்கை அரசு நின்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுது மண்ணில் வைக்கும் வழக்கமுள்ள கிண்ணியாவிலும் மூதூரிலும் அந்த மாதங்களை யாரும் மறக்கவில்லை. கன்னியாவிலேயே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டைப் பற்றி எழுந்த பிணக்கு 2019 ஜூலையில் வீதிப் போராட்டமாகி நீதிமன்றம் வரை போனது. தாய்க்குக் கடன் கழிக்கப் பிறந்த ஊற்றருகே யார் கும்பிடலாம் என்று வழக்காட வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் சம்பூரில், போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் போட்ட கஞ்சி. 2006இல் குண்டுவீச்சுக்குள் ஊரைவிட்டு ஓடி, முகாம்களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்துத் தம் காணிக்குத் திரும்பியவர்களின் ஊர் அது. நினைப்பதற்கு அவர்களிடம் நிறைய இருக்கிறது. கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனால் நினைவும் கூடவே போய்விடும் என்று நம்பியவர்கள், 1620களில் கல்லைக் கடலில் தள்ளியவர்களின் கணக்கையே திரும்பப் போட்டார்கள்.

துயரம், ஏக்கம் இரண்டும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் இந்த மாவட்டத்தில் அரிது. கழிவிரக்கம். இன்று அதைத் தன்னிரக்கம் என்ற பொருளில் மலிவாகப் பேசுகிறோம். சொல் சொல்வது வேறு: கழிந்துபோனதற்காக இரங்குவது, ‘இதை நான் செய்திருக்கக் கூடாது’ என்று உள்ளே குறுகுவது. மலையை வெட்டிய பின் தாயின் சாவைக் கேட்ட இராவணனிடம் இருந்திருக்கக்கூடியது அது.

2006 ஜனவரி 2ஆம் நாள் நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019 ஜூலையில் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். அதே 2006 ஓகஸ்டில் பட்டினிக்கு எதிரான அமைப்பின் பணியாளர்கள் 17 பேர் மூதூர் அலுவலக முற்றத்தில் கொல்லப்பட்டார்கள். இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கில் எதிரிகளான ஆறு படையினரும் 2016இல் விடுதலையானார்கள். சட்டம் தன் வழியில் போகட்டும், போகாமலும் இருக்கட்டும்; ‘நடந்தது தவறு, வருந்துகிறோம்’ என்ற ஒரு வாக்கியத்துக்குச் சாட்சியம் தேவையில்லையே.

அந்த வாக்கியத்தைத் தமிழர்களாகிய நாமும் சொல்லியிருக்கிறோமா? 1995 மே மாதம் கல்லறாவையில் சிங்கள மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேரைக் கொன்றவர்கள் விடுதலைப் புலிகள். 2006 ஓகஸ்டில் மூதூருக்குள் புலிகள் புகுந்து சண்டை மூண்டபோது பல்லாயிரம் முஸ்லிம்கள் பிள்ளைகுட்டியோடு கந்தளாய் நோக்கி நடந்தார்கள். எங்கள் பெயரால் நடந்தவை இவை. இவற்றைச் சொன்னால் எங்கள் துக்கத்தின் எடை குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். எண்ணிக்கையை எண்ணிக்கையால் கழிக்கும் கணக்கு அரசியல்வாதிக்குரியது. ‘இரங்கு’ என்ற சொல்லுக்குள் துக்கமும் அருளும் ஒன்றாக இருப்பதை மறந்தால்தான் அந்தப் பயம் வரும். தன் பிள்ளைக்காக அழுதவளுக்கு அடுத்த வீட்டு அழுகை கேட்காமல் போகாது. கேட்கவிடாமல் செய்வது நடுவில் நிற்கும் கூச்சல்.

கழிவிரக்கம் நடக்க முடியாத காரியமும் அல்ல. 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காகப் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்பதென்று அமைச்சரவை முடிவெடுத்தது. தாமதம்தான், எரிந்த உடல் எதுவும் திரும்பவில்லை. ஆனாலும் தவறு என்று அரசின் தாளில் ஏறிவிட்டது. ஒரு தாளில் முடிந்தது மற்றத் தாள்களிலும் முடியும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது யாரிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவை இருக்கவில்லை. கிண்ணியாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அலை புகுந்தது. தமிழ் மீனவரும் முஸ்லிம் மீனவரும் சிங்கள மீனவரும் ஒரே கடலிடம் இழந்தார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் மூன்று மொழியிலும் நாடு மௌனம் காக்கிறது; யாரும் யாரையும் கைது செய்வதில்லை. கடல் கொன்றவர்களுக்காக ஒன்றாக நிற்கத் தெரிந்த நாடு இது. மனிதர் கொன்றவர்களுக்காக நிற்கத்தான் கால் கூசுகிறது.

இவர்கள் எல்லோருக்கும் குறைந்தபட்சம் ஒரு தேதி இருக்கிறது. ஜனவரி 2, பெப்ரவரி 11, டிசம்பர் 26. தேதி இருந்தால் எட்டை எண்ணலாம், முப்பத்தொன்றை எண்ணலாம், திவசம் வைக்கலாம். தேதியே இல்லாதவர்கள் 2017இலிருந்து இந்த மாவட்டத்திலும் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு இருந்து பார்த்தவர்கள். அந்தப் படங்களில் இருப்பவர்கள் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்கள், வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள், படையினரிடம் கையளிக்கப்பட்டவர்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் வேலை தொடங்கியது. ‘காணவில்லை’ என்ற சான்றிதழ் இருக்கிறது, இழப்பீட்டுத் தொகை இருக்கிறது. எங்கே, எப்போது, யாரால் என்ற பதில் இல்லை. படத்துக்கு மாலை போட்டால் பிள்ளையைத் தானே சாகடித்ததாகும் என்று நினைக்கிற தாயிடம் ‘துக்கத்தைக் கடந்து வா’ என்று சொல்ல முடியாது. அவளுக்குத் துக்கம் இன்னும் தொடங்கவே விடப்படவில்லை.

துக்கத்தை மதிப்பது என்றால் இந்த மண்ணில் அது கண்ணீரைப் புகழ்வது ஆகாது. கன்னியாவில் கடன் கழிக்க வருகிறவரை யாரும் மறிக்காமல் இருப்பது, கஞ்சிப் பானையை அடுப்பிலேயே விட்டுவிடுவது, கல்லறாவைக்கும் குமாரபுரத்துக்கும் ஒரே குரலில் வருந்துவது. எல்லாவற்றுக்கும் முதலாக, தெரிந்தவர்கள் வாய் திறப்பது. முகாம் பதிவேடுகளில் இருக்கும், ஓய்வுபெற்றவர்களின் நினைவில் இருக்கும் ஒரு தேதியைச் சொல்வது.

வெந்நீர் ஏழு தொட்டிகளிலும் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. முப்பத்தோராம் நாளை எண்ண ஒரு முதல் நாள் வேண்டும். அது தெரியாத தாய், பேருந்து கன்னியாச் சந்தியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்கிறாள்.